கணினி மேசைக்கு வண்ண விளக்கு: சுவருக்கா, கண்ணுக்கா?

பினாங்கில் எந்த அடுக்குமாடியை வேண்டுமானாலும் இரவு பத்து மணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். சில ஜன்னல்கள் ஊதாவாகவும் சில நீலமாகவும் தெரியும். பெரும்பாலும் அவை கணினி இருக்கும் அறைகள். இப்போது விளையாட்டுக் கணினி வாங்கினால் காற்றாடி, விசைப்பலகை, மௌஸ் என்று எல்லாமே வண்ணம் வீசுவதாகத்தான் வருகின்றன. அது போதாதென்று திரைக்குப் பின்னால் ஒட்ட ஓர் எல்இடி நாடாவும் வாங்கி வந்துவிடுவார்கள். "ராத்திரியில எதுக்குடா இந்தக் கலர் லைட்டு, கண்ணு கெட்டுப்போகும்" என்று வீட்டில் சத்தம் கேட்கும். பிள்ளை கதவைச் சாத்திக்கொள்வான்.

இந்த வழக்கில் நான் பிள்ளையின் பக்கம்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. திரைக்குப் பின்னால் சுவரில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் கண்ணுக்கு இதமானது. அதே விளக்கின் புள்ளி நேராகக் கண்ணில் பட்டால் தொல்லை. ஆகவே வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எந்த நிறம் என்பது அதற்கு அப்புறம் வரும் கேள்வி. கடையில் பெட்டியின் மேல் வண்ணங்களின் எண்ணிக்கையைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். எங்கே ஒட்டுவது, எவ்வளவு மங்கலாக வைப்பது, எப்போது வெள்ளைக்கு மாற்றுவது என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. தெரிந்துகொண்டால் சில வெள்ளி செலவிலேயே அருமையான அறை அமையும்.

பினாங்குக்காரர்களுக்குப் பழகிய பொருள்

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை 1962இல் அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் செய்து காட்டினார். அதன் பிறகு பச்சையும் மஞ்சளும் வந்தன. நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் பிடிகொடுக்கவில்லை. பழைய ரேடியோவிலும் கால்குலேட்டரிலும் சிவப்பு எண்களும் பச்சைப் புள்ளிகளுமாகவே இருந்ததற்குக் காரணம் அதுதான். காலியம் நைட்ரைடு என்ற பொருளைப் பிசகில்லாத படிகமாக வளர்க்கத் தெரிந்தால்தான் பளிச்சென்ற நீலம் கிடைக்கும். ஜப்பானில் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் ஒரு பக்கம், நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா இன்னொரு பக்கம் என்று விடாமல் முயன்றார்கள். 1993இல் நல்ல பிரகாசமுள்ள நீல எல்இடியை நிச்சியா அறிவித்தது. மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கையில் இருந்தால்தான் வண்ணங்களைக் கலக்க முடியும். இன்று வீட்டுக் கூரையில் எரியும் வெள்ளை எல்இடியும் உள்ளே நீலச் சில்லு வைத்து, மேலே பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பொருள் பூசியதுதான். நீலம் வராமல் இருந்திருந்தால் இரண்டுமே இல்லை.

இந்தக் கதையில் பினாங்குக்கும் பங்கு உண்டு. பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழிற்பேட்டைக்கு 1970களின் தொடக்கத்தில் வந்த நிறுவனங்களில் இன்டெல், எச்பி ஆகியவற்றோடு லிட்ரானிக்ஸ் என்ற எல்இடி நிறுவனமும் ஒன்று. அது பிற்பாடு ஒஸ்ராம் கைக்கு வந்தது. பிலிப்ஸும் அஜிலென்டும் சேர்ந்து 1999இல் தொடங்கிய லூமிலெட்ஸுக்கும் பாயான் லெப்பாஸில் ஆலை உண்டு. 2017இல் பக்கத்துக் கூலிமில் எல்இடி சில்லுகளையே செய்யும் பெரிய ஆலையை ஒஸ்ராம் திறந்தது. அந்தக் காலத்தில் விடியற்காலை பேக்டரி பஸ் ஏறிப்போன நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர். நுண்ணோக்கியில் கண் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைக் குறைக்கடத்திச் சில்லோடு இணைத்தவர்கள் அவர்கள். மின்னணுச் சாமான் என்றால் ஏதோ அந்நியப் பொருள் என்ற எண்ணம் அதனாலேயே எனக்கு வருவதில்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் நாடாக்கள் பெரும்பாலும் சீனாவில் செய்தவை. ஆனால் சில்லை ஒட்டிக் கம்பி இணைக்கும் அந்தத் தொழிலைப் பினாங்கு ஐம்பது ஆண்டுகளாகப் பழகி வருகிறது.

கணினிப் பக்கம் வண்ணம் வந்தது இன்னும் பிந்தித்தான். 2000களின் தொடக்கத்தில் ஆர்வலர்கள் கணினிப் பெட்டியின் பக்கத்தை வெட்டிக் கண்ணாடி பொருத்தி, உள்ளே குளிர் கேதோடு என்ற மெல்லிய நீல ஒளிக்குழாய் வைத்தார்கள். தொலைக்காட்சியில் ஓடும் படத்துக்கு ஏற்பச் சுவரின் நிறம் மாறும் ஆம்பிலைட்டை பிலிப்ஸ் 2004இல் கொண்டுவந்தது. 2014 வாக்கில் விசைப்பலகையின் ஒவ்வொரு விசைக்கும் தனி வண்ணம் வந்துவிட்டது.

ஒரு புள்ளிக்குள் மூன்று விளக்கு

நாடாவில் தெரியும் ஒவ்வொரு வெள்ளைச் சதுரமும் 5 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் உயரம். எரியாதபோது கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். உள்ளே மூன்று சின்னச் சில்லுகள் தெரியும். எரியும்போது மூன்றும் முழு வெளிச்சத்தில்தான் எரியும். மங்கலாக வேண்டும் என்றால், கண் கவனிக்க முடியாத வேகத்தில் அணைத்து அணைத்து எரிய விடுகிறார்கள். எரியும் நேரத்தின் பங்கைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் வண்ணம். பெட்டியில் போடும் அந்தப் பெரிய எண் இப்படித்தான் வருகிறது. சட்டை வாங்கும்போதுகூட நாம் பார்த்துப் பிரித்தறியும் நிறங்கள் அதில் ஒரு சிறு பகுதிதான். ஆகவே அந்த எண்ணைப் பார்த்து எதையும் வாங்க வேண்டியதில்லை.

நாடாவில் இரண்டு வகை. நான்கு வயர் உள்ள 12 வோல்ட் வகையில் நாடா முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே நிறம்தான் எரியும். மூன்று வயர் உள்ள 5 வோல்ட் வகையில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கொடுக்கலாம். டபிள்யூஎஸ் 2812பி என்று கடைக்காரர்கள் சொல்வது இந்த இரண்டாவது வகையின் பெயர்களில் ஒன்று. அதில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு உண்டு. அன்னதானப் பந்தியில் தட்டுகளை வரிசையாகக் கைமாற்றி விடுவதைப் போல, முதல் புள்ளி தனக்கான 24 பிட் தகவலை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடும். வரிசையின் கடைசி வரை இப்படியே போகும். நடுவில் ஒரு புள்ளி செத்தால் அதற்கு அப்பால் எல்லாம் இருண்டுபோவதும் இதனால்தான். செத்ததை வெட்டியெடுத்து இரு முனைகளையும் ஈயம் வைத்து இணைத்தால் மறுபடி ஓடும்.

இந்த இரண்டு வகையையும் மாற்றி மட்டும் செருகிவிடாதீர்கள். கணினியின் தாய்ப்பலகையில் 12 வோல்ட்டுக்கு ஓர் இணைப்பும் 5 வோல்ட்டுக்கு ஓர் இணைப்பும் இருக்கும். 5 வோல்ட் நாடாவை 12 வோல்ட்டில் மாட்டினால் அந்த நொடியே கருகிவிடும்.

மூன்று நிறத்தையும் சேர்த்து எரியவிட்டால் வெள்ளை கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வெள்ளை சுவருக்கு மட்டுமே லாயக்கு. சூரிய ஒளியில் எல்லா அலைநீளமும் தொடர்ச்சியாக இருக்கும். மூவண்ணக் கலவையில் மூன்று முகடுகள், நடுநடுவே பள்ளங்கள். மஞ்சள் பகுதியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அந்த ஒளியில் முகத்தைக் காட்டினால் நெற்றிக் குங்குமம் தேவைக்கு மேல் பளீரிடும், தோலின் நிறம் இயல்பாக இருக்காது. காணொளிச் சந்திப்பில் சிலருடைய முகம் காய்ச்சல்காரர் முகம் மாதிரி தெரிவதன் ரகசியம் பல நேரம் இதுதான். முகத்துக்குத் தனியாக ஒரு நல்ல வெள்ளை விளக்கு வேண்டும். நிறத்தை உண்மையாகக் காட்டும் திறனுக்கு சிஆர்ஐ என்று ஓர் அளவு இருக்கிறது. 90க்கு மேல் போட்டிருந்தால் தாராளமாக வாங்கலாம். மூவண்ணத்தோடு நான்காவதாக வெள்ளைச் சில்லும் சேர்த்த நாடாவும் கிடைக்கிறது. கொஞ்சம் விலை கூட, ஆனால் இரண்டு வேலைக்கும் ஆகும். நான் யாருக்காவது சிபாரிசு செய்வதென்றால் அதைத்தான் செய்வேன்.

இருட்டறையில் கண் படும் பாடு

இருட்டறையில் தனியாக ஒரு திரை எரிந்தால் கண்ணுக்கு இரண்டு வேலை. நடுவில் உள்ள பளிச்சென்ற பரப்புக்காகக் கண்மணி சுருங்க வேண்டும். சுற்றியுள்ள கருமையோ அதை விரியச் சொல்லும். திரையில் காட்சி மாறும் ஒவ்வொரு தடவையும் இந்த இழுபறி நடக்கும். சில மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்க ஆரம்பிக்கும். திரைக்குப் பின்னால் உள்ள சுவரில் மங்கலான வெளிச்சம் பரவியிருந்தால் அந்த வித்தியாசம் குறைகிறது, கண் ஆசுவாசப்படுகிறது. அதோடு இன்னொரு லாபமும் உண்டு. சுற்றிலும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போது திரையில் உள்ள கருமை இன்னும் கறுப்பாகத் தெரியும். திரை மாறுவதில்லை, பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கண்ணின் இயல்பு.

எவ்வளவு வெளிச்சம்? திரையின் வெள்ளைப் பரப்பு எவ்வளவு பிரகாசமோ அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அளக்கக் கருவி தேவையில்லை. திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். சுவர் தன்பக்கம் கண்ணை இழுத்தால் வெளிச்சம் அதிகம். புதிதாக ஒட்டியவர்கள் அத்தனை பேரும் முழு வெளிச்சத்தில்தான் வைக்கிறார்கள். கால்வாசிக்கும் கீழே இறக்கிப் பார்த்தால்தான் அறையின் அழகே தெரியும்.

நிறத்துக்கு வருவோம். படம், காணொளி, வடிவமைப்பு வேலை செய்கிறவர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான்: வேலை நேரத்தில் திரைக்குப் பின்னால் வெள்ளை மட்டும். அதுவும் 6500 கெல்வின் வெள்ளை (கெல்வின் என்பது வெள்ளையின் சாயலைச் சொல்லும் அளவு). நம் திரைகள் எந்த வெள்ளையை வைத்து அளவு செய்யப்படுகின்றனவோ அதே வெள்ளை அது. டி65 என்பார்கள். உயர்தரப் படம் பார்க்கும் அறைக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரும் வழிகாட்டலிலும் சுற்றுப்புற ஒளி இதே டி65தான்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்கலாம். என் அக்கா மகன் பாயான் பாருவில் வீட்டிலிருந்தே கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுக்கிறான். கை சுத்தமான வேலைக்காரன். ஒரு தடவை அச்சாகி வந்த ஆல்பத்தில் எல்லா முகங்களிலும் லேசான ரோஸ் படிந்திருந்தது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெள்ளையாக இல்லை, செம்பருத்தி கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கிய வெள்ளை. "மாமா, ஸ்கிரீன்ல சரியாத்தான் இருந்துச்சு. பிரிண்ட் கடையில ஏதோ கோளாறு" என்றான். அவன் அறைக்குப் போனேன். திரைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஊதா. விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் திரையை விலக்கிப் பகல் வெளிச்சத்தில் அதே படத்தைத் திறக்கச் சொன்னேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தவன், தானே அந்த ரோஸைக் கண்டுபிடித்தான்.

நடந்தது இதுதான். கண்ணில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. சுற்றிலும் ஊதா நிறைந்திருந்தால், சிவப்பையும் நீலத்தையும் உணரும் செல்கள் கொஞ்ச நேரத்தில் தங்கள் வீரியத்தைக் குறைத்துக்கொள்ளும். பச்சையை உணரும் செல் மட்டும் அப்படியே இருக்கும். இப்போது திரையில் சுத்தமான வெள்ளை வேட்டியைப் பார்த்தால் அதில் ஒரு பச்சை ஓடும். முகங்களிலும் ஓடும். திருத்துகிறவர் அந்தப் பச்சையை அடிக்க ரோஸைக் கூட்டுவார். அந்த அறைக்குள் எல்லாம் சரியாகிவிடும். ஆல்பம் மணமகள் வீட்டுக்குப் போய்ச் சாதாரண வெளிச்சத்தில் திறக்கும்போது கூட்டிய ரோஸ் மட்டும் மிஞ்சி நிற்கும். கண்ணை நம்பிச் செய்த வேலைதான், ஆனால் கண் அந்த அறைக்குப் பழகிப்போயிருந்தது. இப்போது அவன் நாடாவுக்கு இரண்டு நிலைகள் வைத்திருக்கிறான். வேலை என்றால் வெள்ளை, விளையாட்டு என்றால் ஊதா. கல்யாணப் படம் ஒரு குடும்பம் ஆயுளுக்கும் வைத்துப் பார்ப்பது. அதற்காக ஒரு பொத்தானை அழுத்துவது பெரிய சிரமம் இல்லை.

நீலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் கண்ணின் லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. நீலம் விழித்திரைக்குச் சற்று முன்பாகவே குவிந்துவிடும். பார்வையின் நடுப்புள்ளியில் நீலத்தை உணரும் செல்களும் ஏறக்குறைய கிடையாது. அதனால்தான் தனி நீல விளக்கைச் சுற்றி எப்போதும் ஒரு புகைமூட்டம் தெரிகிறது. விசைப்பலகையின் எழுத்துகளை நீலத்தில் வைத்தால் படிக்கக் கஷ்டம். பச்சை, மஞ்சள், வெள்ளையில் வைத்தால் எழுத்து கூர்மையாகத் தெரியும். சிவப்பையும் கருநீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதும் நல்லதல்ல. இரண்டும் வெவ்வேறு ஆழத்தில் மிதப்பதைப் போல ஒரு மயக்கம் வரும்.

தூக்கத்தைக் கெடுக்கும் என்ற பேச்சில் விஷயம் இருக்கிறது. கூம்புச் செல்களைத் தவிர, பகலா இரவா என்பதை மூளைக்குத் தெரிவிக்க விழித்திரையில் வேறு ஒரு வகைச் செல் இருப்பதை 2002 வாக்கில் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். அதில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு மிகக் கூர்மையாக விழிக்கும். நாடாவில் உள்ள நீலச் சில்லின் ஒளி 460, 470 நானோமீட்டர். அந்த இடத்துக்கு மிகப் பக்கம். அது கண்ணில் விழ விழ, தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகும். ஆகவே இரவு பத்துக்கு மேல் நீலம், வான்நீலம், பளீர் வெள்ளை வேண்டாம். ஆரஞ்சு, செம்மஞ்சள், சிவப்பு என்று மாற்றி வெளிச்சத்தையும் குறைத்துவிடுங்கள். கூரையில் எரியும் வெள்ளை விளக்கிலும் இதே நீலம் நிறைய இருக்கிறது, அதன் அளவும் நாடாவைவிட அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது. அதை அணைத்துவிட்டுச் சுவரில் மங்கலான செம்மஞ்சள் வைத்துக்கொள்ளும் பிள்ளை தன் தூக்கத்துக்கு நல்லதுதான் செய்கிறான்.

கண் கெட்டுப்போகுமா என்ற அம்மாவின் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். திரைகளிலிருந்து வரும் நீல ஒளி கண்ணைச் சேதப்படுத்துகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமி சொல்கிறது. திரையை வெறித்துப் பார்க்கும்போது இமை கொட்டுவது குறைந்து கண் காய்ந்துபோவதுதான் பெரும்பாலானவர்களின் எரிச்சலுக்குக் காரணம். குளிர்சாதனக் காற்று முகத்தில் அடிக்கும் அறையில் இது இன்னும் அதிகம்.

சுவரில் ஒட்டும்போது

முதலில் சுவர். மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட முடிந்தால் வெளிச்சம் சீராகப் பரவும். ஒட்டிப் போட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும். நம் ஃபிளாட் வீடுகளில் இடம் குறைவு, தள்ள வழியில்லை என்றால் அலுமினியப் பட்டையும் அதன் மேல் பால் நிற மூடியும் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பட்டை சூட்டையும் இழுத்துக்கொள்ளும். நாடாவைத் திரையின் விளிம்பிலேயே ஒட்டாமல் இரண்டு மூன்று விரற்கடை உள்ளே தள்ளி ஒட்டினால் எந்தப் புள்ளியும் கண்ணுக்கு நேராக வராது. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு புள்ளிகூடத் தெரியக் கூடாது. வெள்ளைச் சுவரில் எல்லா நிறமும் எடுக்கும். பச்சையோ மஞ்சளோ அடித்த சுவரானால் 6500 கெல்வின் வெள்ளைகூடச் சுவரின் நிறத்தில்தான் திரும்பி வரும். படம் திருத்துகிறவர்கள் அந்த ஒரு சுவரையாவது வெள்ளையாகவோ சாம்பலாகவோ அடித்துக்கொள்ளட்டும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் நாடாவின் பசை நிற்காது. ஒட்டும் இடத்தைத் துடைப்பதற்கென்று விற்கும் ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்து ஒட்டினால் கொஞ்சம் தாங்கும். முனைகளிலும் வளைவுகளிலும் சின்னக் கிளிப் போட்டால் கவலையில்லை. மேலே நீர்புகாப் பூச்சுப் போட்ட நாடாவை வீட்டுக்குள் வாங்க வேண்டாம். சில பூச்சுகள் நாளாக ஆக மஞ்சளடித்து நிறத்தைக் கெடுக்கும். அந்த வகை வாசலுக்கும் தைப்பூசப் பந்தலுக்கும் உரியது.

அடுத்தது மின்சாரம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 5 வோல்ட் நாடாவில் ஒரு புள்ளி முழு வெள்ளையில் எரிந்தால் ஏறத்தாழ 60 மில்லிஆம்பியர் குடிக்கும். 27 அங்குலத் திரைக்குப் பின்னால் சுற்றி ஒட்ட ஒன்றரை மீட்டர் போதும். மீட்டருக்கு 30 புள்ளி என்றால் 45 புள்ளி, மொத்தம் 2.7 ஆம்பியர். கணினியின் சாதாரண யூஎஸ்பி துளை தருவது 0.5 ஆம்பியர், யூஎஸ்பி 3 என்றால் 0.9. மங்கலாக எரிந்தால் சமாளிக்கும், முழுதாக ஏற்றினால் துளை அணைந்துவிடும் அல்லது கணினி முரண்டு பிடிக்கும். தனி அடாப்டர் போட்டுவிடுவது நல்லது. அதே நாடாவை அறை சுற்றி 5 மீட்டர், மீட்டருக்கு 60 புள்ளி என்று ஓட்டினால் கணக்கு 18 ஆம்பியருக்குப் போய்விடும். அதற்கு மெல்லிய வயர் சூடேறும். இது விளையாட்டுக் காரியம் இல்லை.

நாடா நீளமானால் இன்னொன்றும் நடக்கும். அடாப்டர் பக்கம் வெள்ளை வெள்ளையாக இருக்கும், கடைசிப் பக்கம் போகப் போக மஞ்சளாகிச் சிவப்பாக முடியும். நாடா பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடுவார்கள். உண்மையில் செம்புத் தடத்தில் வோல்ட் குறைந்துகொண்டே போகிறது. சிவப்புச் சில்லுக்கு 2 வோல்ட்டை ஒட்டி இருந்தால் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். வோல்ட் இறங்கும்போது முதலில் மங்குவது அந்த இரண்டும், மிஞ்சுவது சிவப்பு. அடாப்டரிலிருந்து இன்னொரு ஜோடி வயரை இழுத்து நாடாவின் மறுமுனையிலும் 5 வோல்ட் கொடுத்தால் சரியாகிவிடும்.

அடாப்டர் வாங்கும்போது சிரிம் என்ற மலேசியத் தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மலேசியாவில் விற்கும் அடாப்டருக்கு மின்சக்தி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். இணையத்தில் மலிவாக வரும் பல அடாப்டர்களில் அது இருக்காது. மேசைக்கு அடியில், திரைச்சீலைக்குப் பக்கத்தில், ராத்திரி முழுக்கச் செருகியிருக்கும் பொருள் அது. நாடாவில் மிச்சம் பிடியுங்கள், அடாப்டரில் வேண்டாம். கோலாலம்பூரில் இருப்பவர்கள் லோ யாட் பிளாசாவுக்கோ ஜாலான் பாசார் பக்கம் உள்ள உதிரிச் சாமான் கடைகளுக்கோ நேரில் போய் எடுக்கலாம். மின்சாரக் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 10 வாட் நாடா தினம் 6 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 1.8 யூனிட்தான்.

கட்டுப்பாட்டுக்கு டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருளைச் சிபாரிசு செய்கிறேன். ஈஎஸ்பி 32 என்ற சின்ன வைஃபை மின்னணுப் பலகையில் அதை ஏற்றினால் கைபேசியிலிருந்தே நிறம், வெளிச்சம், நேர அட்டவணை எல்லாம் வைக்கலாம். எத்தனை ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற வரம்பும் அதில் உண்டு. நேர அட்டவணை நமக்கு ரொம்ப வசதி. குளிர்நாடுகளில் கோடையில் ஒன்பது மணிக்கும் குளிரில் நாலு மணிக்கும் இருட்டும். பினாங்கில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.45க்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும், அந்தி சட்டென்று முடியும். 7.15க்கு வெள்ளை, 10 மணிக்குச் செம்மஞ்சள், 12க்கு அணைவு என்று ஒரு முறை வைத்துவிட்டால் போதும். விசைப்பலகை, மௌஸ், காற்றாடி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி மென்பொருள் தருகிறது, அவை கணினியை மெதுவாக்குகின்றன. 2023இல் விண்டோஸ் 11லேயே விளக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. உங்கள் சாதனம் அதற்கு இசைந்தால் மற்றதை நீக்கிவிடுங்கள்.

திரையில் ஓடும் காட்சிக்கு ஏற்பச் சுவர் மாறும் ஒத்திசைவு விளக்கு பார்க்க நன்றாக இருக்கும், படத்துக்கும் விளையாட்டுக்கும் பொருந்தும். எழுதும்போதும் படிக்கும்போதும் அதை அணைத்துவிடுங்கள். பக்கவாட்டில் எது அசைந்தாலும் கவனம் அங்கே ஓடும், மனிதக் கண்ணின் அமைப்பு அப்படி. காணொளி எடுக்கிறவர்கள் கேமராவின் மின்துடிப்பு (ஆன்டி-ஃப்ளிக்கர்) அமைப்பை 50 ஹெர்ட்ஸில் வைக்க வேண்டும். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 60இல் விட்டுவைத்தால் கூரை விளக்கால் படத்தில் கோடு கோடாக ஓடும்.

வேகமாக மின்னும் லிப்லாப் வகை அமைப்புகளைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருங்கள். வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் வெளிச்சம், ஒளியால் வலிப்பு வரும் தன்மை உள்ளவர்களுக்கு ஆபத்து. சிவப்பு இன்னும் மோசம். அந்தத் தன்மை இருப்பது பல நேரம் முதல் வலிப்பு வரும் வரை தெரிவதே இல்லை. சிறு பிள்ளைகள் வந்துபோகும் அறையில் அந்த அமைப்பைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடலாம்.

இன்னொரு சின்ன விஷயம், நிறையப் பேர் கேட்பது. கணினியை அணைத்த பிறகும் விசைப்பலகையும் நாடாவும் விடிய விடிய எரிந்துகொண்டே இருக்கும். அணைத்தாலும் தாய்ப்பலகை யூஎஸ்பி துளைகளுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருப்பதால் வருவது அது. கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போய் இஆர்பி என்ற விருப்பத்தை இயக்கினால் அந்த மின்சாரம் நின்றுவிடும். அதற்குப் பிறகு அணைத்த கணினியின் துளையில் கைபேசியைச் சார்ஜ் போட முடியாது, விசையைத் தட்டிக் கணினியை எழுப்பவும் முடியாது. அது பரவாயில்லை என்றால் இன்றிரவே மாற்றிவிடலாம். அதே அறையில் தம்பியோ தங்கையோ படுப்பவர்களாக இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.